வாசலுக்கு ஒரு வழி. தண்ணீருக்கு ஒரு வழி!

ஐப்பசி மாதம். நள்ளிரவு. மழை கொட்டுகிறது.

ரோட்டோரம் ஒரு வீடு. புதிதாகக் கட்டியது. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். வீடு கட்டும்போது செங்கல் லாரி உள்ளே வரவேண்டும் என்று, அந்தப் பள்ளத்தில் இரண்டு லோடு மண்ணைக் கொட்டினார்கள். வீடு கட்டி முடிந்தது. மண் அப்படியே கிடந்தது. அதுவே வாசலுக்கு வழி ஆயிற்று.

இப்போது பள்ளத்தில் ஓடி வந்த மழைத் தண்ணீர் அந்த மண்ணில் முட்டி நிற்கிறது. போக வழி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. பக்கத்து வீட்டு வாசலுக்குள் நுழைகிறது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தூக்கிக் கட்டிலில் போடுகிறார்கள். அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றுகிறார்கள்.

"என்ன அண்ணே, நீங்க போட்ட மண்ணாலே எங்க வீட்டுக்குள்ளே தண்ணி வருதே!"

"என் வாசல்லே நான் மண்ணு போட்டேன். அதிலே உனக்கு என்ன தம்பி?"

விடிவதற்குள் இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சு வார்த்தை நின்று போகிறது.

விடிந்த பிறகு பார்த்தால், கொட்டிய மண்ணையும் காணோம். ரோட்டின் ஓரத்தையும் காணோம். தார் ரோடு பாதி வரை அறுந்து கிடக்கிறது. பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிச் செல்ல வந்த "108" வண்டி, அறுந்த ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று விடுகிறது.

இது ஏதோ ஒரு ஊரில் ஒரு நாள் நடந்த கதை அல்ல. மழைக் காலம் வந்தால் பல ஊர்களில் நடக்கிற கதை. இந்தத் துன்பத்தைத் தடுக்கப் பெரிய அணை வேண்டாம். பெரிய பாலமும் வேண்டாம். சரியான அளவில், சரியான முறையில் பதித்த ஒரு சிமெண்டுக் குழாய் போதும்.

பள்ளம் எதற்கு?

"ரோட்டோரத்தில் பள்ளம் எதற்கு? அடைத்து விட்டால் இடமாவது மிஞ்சுமே!" என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்தப் பள்ளம் தானாக உண்டானது அல்ல. ரோடு போடும்போதே என்ஜினீயர்கள் வெட்டியது. ரோட்டின் நடுப்பகுதி சற்று மேடாகவும், இரண்டு ஓரங்களும் சற்றுத் தாழ்வாகவும் இருக்கும். மேலே விழும் மழைத் தண்ணீர் ஓரத்துக்கு வழிந்து, பள்ளத்தில் விழுந்து, அருகில் உள்ள ஓடைக்கோ குளத்துக்கோ போய்ச் சேர வேண்டும். இதற்காகவே அந்த ஏற்பாடு.

ரோட்டுக்குப் பெரிய எதிரி லாரி அல்ல, தண்ணீர்தான். தார் என்பது மேலே போர்த்திய போர்வை மாதிரி. பாரத்தைத் தாங்குவது அதற்குக் கீழே உள்ள ஜல்லியும் மண்ணும். அந்த மண் காய்ந்திருக்கும் வரை பலமாக இருக்கும். ஊறி விட்டால் களியாகி விடும். அதன் மேல் ஒரு கரும்பு லாரி போனாலும் ரோடு அமுங்கும், வெடிக்கும், குழி விழும்.

ஆகவே, பள்ளத்தை அடைப்பவர் பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேடு செய்யவில்லை. தன் வீட்டுக்கு வந்து போகிற ரோட்டின் அடிமண்ணையே ஊற வைக்கிறார்.

மேட்டை விட்டு இறங்கிய வீடுகள்

முன்பெல்லாம் இந்தத் தகராறு இவ்வளவு இல்லை. ஏன்?

பழைய ஊர்கள் பெரும்பாலும் மேட்டில் அமைந்தவை. "நத்தம்" என்ற குடியிருப்பு நிலத்தில் வீடுகள் கூட்டமாக இருக்கும். தாழ்வான இடம் வயலுக்கு. அதற்கும் தாழ்வான இடம் குளத்துக்கு. தண்ணீர் தன் வழியில் போகும். மனிதன் தன் வழியில் போவான்.

பிறகு ரோடுகள் வந்தன. 2000-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு "பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்ட"த்தைத் தொடங்கியது. 500 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்களுக்கு எல்லாக் காலத்திலும் போகக்கூடிய ரோடு வேண்டும் என்பது அதன் நோக்கம். மாநில அரசின் திட்டங்களிலும் ரோடுகள் போடப்பட்டன. கிராமத்துக்கு ரோடு வந்தது பெரிய நன்மை. அதில் சந்தேகம் இல்லை.

ரோடு வந்ததும் வீடுகள் ரோட்டைத் தேடி வந்தன. மேட்டை விட்டு இறங்கி, வயல் ஓரத்தில் வீடு கட்டினார்கள். மனைப் பிரிவுகள் வந்தன. கடை வந்தது. ஒவ்வொரு வாசலுக்கும் பள்ளத்தைக் கடந்து ஒரு வழி வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தபடி ஒரு வழி செய்து கொண்டார்கள். ஒருவர் மண் கொட்டினார். ஒருவர் கல் பலகை போட்டார். ஒருவர் வீட்டில் மிச்சம் இருந்த பிளாஸ்டிக் குழாயைப் பதித்தார்.

அவரவர் வாசலுக்கு வழி கிடைத்தது. தண்ணீருக்கு வழி போயிற்று.

வானம் மாறுகிறது

தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. அதுவும் நாள்தோறும் ஒரே சீராகப் பெய்வது இல்லை. சில நாட்களில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்து விடுகிறது.

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் மழை பெய்தது. அந்த மாவட்டத்தில் ஒரு ஆண்டு முழுவதும் பெய்யக்கூடிய மழையை விட அது அதிகம். அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே ரெயில் பாதையின் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டன. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. எல்லாப் பயணிகளும் மீட்கப்பட 19-ந் தேதி ஆகி விட்டது.

அடுத்த ஆண்டே "பெஞ்சல்" புயல் வந்தது. 2024-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டி மீட்டரும், கடலில் இருந்து வெகு தொலைவில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டி மீட்டரும் மழை பதிவாயின.

பூமி சூடாகச் சூடாக, காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. அதனால் பெய்யும்போது பலமாகப் பெய்கிறது என்று வானிலை அறிஞர்கள் கூறுகிறார்கள்.

இப்படிப்பட்ட பெருவெள்ளத்தை வீட்டு வாசல் குழாய் தடுத்து விடாது. ஆனால் அப்படிப்பட்ட வெள்ளம் என்றோ ஒரு நாள் வருவது. ஆண்டுதோறும் வருகிற சாதாரணக் கனமழையிலேயே தெரு மூழ்குகிறதே, அதைத் தடுக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தில் 1 சென்டி மீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? சுமார் 40 ஆயிரம் லிட்டர்!

ஒரு பள்ளத்துக்கு 10 ஏக்கர் நிலத்தின் தண்ணீர் வருவதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் 5 சென்டி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதியை மண் குடித்து விடுகிறது. மீதிப் பாதி ஓடி வருகிறது. அதுவே 10 லட்சம் லிட்டர்! ஒரு மணி நேரத்தில் அவ்வளவும் வாசல் குழாய் வழியாகப் போக வேண்டும்.

100 அடிக்கு 1 அடி சரிவில் பதித்த ஒரு அடி அகலச் சிமெண்டுக் குழாய், நிரம்பி ஓடினால் மணிக்குச் சுமார் 3½ லட்சம் லிட்டர் தண்ணீரை விடும். மீதி 6½ லட்சம் லிட்டர் எங்கே போகும்? ரோட்டுக்கும் வீட்டுக்கும்தான் போகும்.

"அப்படியானால் ஒரு அடிக் குழாய் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாதா?" என்று தோன்றும். போதாது. இரண்டும் சேர்ந்து 7 லட்சம் லிட்டர்தான் விடும். ஆனால் இரண்டு அடி அகலக் குழாய் ஒன்று, அதே சரிவில் சுமார் 22 லட்சம் லிட்டரை விடும். அகலம் இரண்டு மடங்கு ஆனால், ஓடும் தண்ணீர் ஆறு மடங்குக்கு மேல் ஆகிறது! பெரிய குழாயில் செத்தையும் குப்பையும் எளிதில் சிக்குவதும் இல்லை.

குழாய் வாங்கும்போது சிறிய குழாயால் மிச்சமாகும் பணம், ஒரே மழையில் போய்விடும் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

ஹியூம் குழாய்

கிராமத்தில் "சிமெண்டுக் குழாய்" என்று சொல்லப்படுவதைக் கடைக்காரர்கள் "ஹியூம் குழாய்" என்பார்கள். ஹியூம் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வால்டர் ஹியூம் என்பவர், 1910-ம் ஆண்டில் இதைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அச்சை வேகமாகச் சுழற்றி, உள்ளே இருக்கும் கான்கிரீட்டு ஓரத்தில் இறுகும்படி செய்தார். அதனால் குழாய்க்குப் பலம் அதிகம்.

ரோட்டின் குறுக்கே தண்ணீர் போக அமைக்கும் வழி 6 மீட்டர் வரை இருந்தால் அதைச் "சிறுபாலம்" அல்லது "கல்வெர்ட்" என்கிறார்கள். அதைவிடப் பெரியது பாலம். வாசலுக்கு அமைக்கும் குழாய் வழியும் ஒரு சிறுபாலமே. ஆகவே பாலம் கட்டும் கவனம் இதற்கும் வேண்டும்.

பதிப்பது எப்படி?

குழாய் நல்லதாக இருந்தாலும், பதிப்பது சரியில்லை என்றால் பயன் இல்லை. கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, மட்டம். குழாயின் அடிப்பகுதி பள்ளத்தின் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும். மிகவும் தாழ்த்தி வைத்தால் சேறு அடைத்துக் கொள்ளும்.

இரண்டாவது, சரிவு. 100 அடிக்கு ஒரு அடி என்ற சரிவு நல்லது. அதாவது 16 அடி நீளக் குழாய்க்குச் சுமார் 2 அங்குலம். தண்ணீர் வெளியேறும் பக்கம் தாழ்வாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நீளம். ஒரு குழாய் சுமார் 8 அடி நீளம் இருக்கும். 10 அடி அகல வழிக்கு இரண்டு குழாய்கள் வேண்டும். இரண்டு பக்கமும் மண் சரிந்து இறங்க இடம் வேண்டும் அல்லவா? டிராக்டரும் லாரியும் திரும்ப வேண்டும் என்றால் மூன்று குழாய்கள் நல்லது.

நான்காவது, மண். குழாயின் அடியில் கல்லோ வேரோ உறுத்தக் கூடாது. இரண்டு பக்கத்திலும் அரை அடி, அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்துக் கெட்டித்து வர வேண்டும். ஒரே தடவையில் மண்ணைக் கொட்டி மூடினால், உள்ளே வெற்றிடம் இருக்கும். தண்ணீர் அந்த வழியில் புகுந்து மண்ணை அரித்து விடும். குழாய்க்கு மேல் குறைந்தது ஒரு அடி மண்ணாவது இருந்தால்தான் வண்டியின் பாரம் நேராகக் குழாயின் மேல் விழாது.

ஐந்தாவது, முகம். குழாயின் இரண்டு வாயிலும் சிறு சுவர் கட்ட வேண்டும். தண்ணீர் வந்து விழும் பக்கத்தில் கற்களைப் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் வெளியேறும் தண்ணீரின் வேகத்தில் குழி விழுந்து, குழாயே சரிந்து விடும்.

மழைக்கு முன்பும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் குழாயின் வாயைப் பார்க்க வேண்டும். தென்னை மட்டை, பிளாஸ்டிக் பை, கருவேல முள் ஆகியவையே பெரும்பாலும் அடைத்துக் கொள்பவை. வேலை செய்யும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. தண்ணீர் ஓடும் குழாயின் வாய், சிறு குழந்தையை உள்ளே இழுத்து விடும். தண்ணீர் ஓடிக் கொண்டிருக்கும்போது பெரியவர்களும் இறங்கக் கூடாது.

குற்றம் யார் மீது?

எல்லாக் குற்றத்தையும் வீட்டுக்காரர் தலையில் போடுவது நியாயம் அல்ல.

ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி தார் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு சில அங்குலம் உயர்கிறது. வீடு உயருமா? பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வீட்டு வாசல் ரோட்டை விடத் தாழ்ந்து போகிறது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க, வீட்டுக்காரர் வாசலில் மண்ணைக் கொட்டி மேடாக்குகிறார். அந்த மண் பள்ளத்தை அடைக்கிறது. பழைய ரோட்டின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய ரோடு போட வேண்டும் என்று 2021-ம் ஆண்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்குக் காரணமே, வீடுகள் தாழ்ந்து போகக் கூடாது என்பதுதான். எந்த ஊரில் ரோடு போட்டாலும், இதை மக்கள் நினைவில் வைத்துக் கேட்கலாம்.

ரோட்டை அகலப்படுத்தும்போது பள்ளம் மறைந்து போவதும் உண்டு. புதிதாகப் பள்ளம் வெட்டினாலும், வாசல்களுக்கு வழி விடாமல் போவதும் உண்டு. அப்போது ஏழை வீட்டுக்காரர் என்ன செய்வார்? கையில் கிடைத்ததைப் போட்டு வழி செய்து கொள்வார்.

சின்னக் குழாயே தீர்ப்புச் சொல்லும்

ஒரு தெருவில் பத்து வீடுகள். பத்து வாசல்கள். ஒன்பது பேர் இரண்டு அடிக் குழாய் பதித்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் அரை அடிக் குழாய் பதித்திருக்கிறார். அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஓடும்?

அரை அடிக் குழாயில் போகிற அளவுதான் ஓடும்!

ஒன்பது பேர் செய்த செலவும் வீண். அதனால்தான் இது ஒருவரின் வாசல் விஷயம் அல்ல, ஊர் விஷயம். தெரு முழுவதற்கும் ஒரே அளவை முடிவு செய்து, ஒரே மட்டத்தில், ஒரே சரிவில் பதித்தால்தான் பயன் உண்டு. மேட்டில் இருக்கும் வீட்டை விடத் தாழ்வில் இருக்கும் வீட்டின் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். ஏன் என்றால், மேலே உள்ள எல்லா வாசல்களின் தண்ணீரும் அங்கே வந்து சேருகிறது.

இதைத் தனி மனிதர் செய்ய முடியாது. பஞ்சாயத்துதான் செய்ய முடியும்.

யாரைக் கேட்பது?

ரோட்டோரப் பள்ளம் வீட்டுக்காரருக்குச் சொந்தம் அல்ல. அது ரோட்டைச் சேர்ந்தது. ஆகவே குழாய் பதிக்கும் முன் அனுமதி பெற வேண்டும். அது நெடுஞ்சாலைத் துறையின் ரோடாக இருந்தால் அந்தத் துறை அலுவலகத்திலும், பஞ்சாயத்து யூனியன் ரோடாக இருந்தால் யூனியன் அலுவலகத்திலும், கிராமப் பஞ்சாயத்து ரோடாக இருந்தால் பஞ்சாயத்திலும் கேட்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் வரும், எந்த அளவுக் குழாய் வேண்டும் என்பதை அங்குள்ள என்ஜினீயர்களிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது.

தெரு முழுவதற்கும் ஏற்பாடு வேண்டும் என்றால், கிராம சபையில் பேச வேண்டும். 2022-ம் ஆண்டில், ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடும் என்று தமிழக அரசு அறிவித்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாட்கள். இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம்.

நவம்பரில் தண்ணீரில் நின்று கொண்டு பேசிப் பயன் இல்லை. மார்ச்சிலும் மே மாதத்திலும் பேச வேண்டும். பள்ளம் அப்போதுதான் காய்ந்திருக்கும். எங்கே அடைப்பு, எந்த வாசலில் சின்னக் குழாய் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆகஸ்டுக்குள் வேலையை முடித்தால், ஐப்பசி மழைக்குள் மண் இறுகி விடும்.

கிராம சபைக்குப் பெண்கள் அவசியம் போக வேண்டும். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைப்பவர்களும், நனைந்த நெல்லைக் காய வைப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். எந்த வாசலில் தண்ணீர் தேங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாசலில் இருக்கும் வெள்ளத்துக்கு அணை போடக் கூடாது. வழி விட வேண்டும். மண்ணைக் கொட்டி அடைத்தால் அது வீட்டுக்குள் வரும். வழி விட்டால் வாசலோடு போய்விடும்.